ராணியின் தோலுக்கு ஒரு பெட்டி புரதம்

விருதுநகரில் இறங்கியபோது வெயில் என்னைப் பார்த்தது; நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டிக்குள்ளே சுழியத்துக்குக் கீழே எழுபத்தெட்டு டிகிரி. வெளியே ஆடி மாதத்து அனல். நடுவே இரண்டு விரற்கடை தெர்மாகோல். மடியில் வைத்தே கொண்டுவந்ததில் தொடைகள் மரத்துப் போயிருந்தன. உடம்பின் மேல்பாதி வேர்க்க, கீழ்ப்பாதி நடுங்க, ஒரே ஆள் இரண்டு ஊர்களில் இறங்கியதுபோல் நின்றேன்.

ஹைதராபாத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரதம் விற்கிறேன். புரதமும், புரதத்தின் துண்டுகளான பெப்டைடும். வாங்குகிறவர்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள். சீசாவைத் தூக்கிப் பார்த்தால் காலியாகத்தான் தெரியும். அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி, அல்லது உறைந்துபோன ஒரு துளி. அந்தத் துளி செல்லிடம் போய் ‘வளர்’ என்று சொல்லும். இன்னொரு சீசாவில் இருப்பது ‘நில்’ என்று சொல்லும். வேறொன்று ‘போதும், செத்துப் போ’ என்று சொல்லும். உடம்பு தனக்குள் பேசிக்கொள்கிறதைப் பிரித்தெடுத்துச் சீசாவில் அடைக்கிற தொழில். எல்லாச் சீசாவிலும் ஒரே எச்சரிக்கை ஒட்டியிருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல.

பொதுவாகச் சரக்கோடு நான் போவதில்லை. இந்தமுறை போக நேர்ந்ததற்குக் காரணம் ஷர்மிளா பானு. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். முந்தைய பெட்டியைக் கூரியர்காரர்கள் மதுரையில் மூன்று நாள் போட்டு வைத்து, கஞ்சியாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து போனை எடுத்தேன். அவள் திட்டவில்லை.

“சார், செல்லுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதுக்குச் சாப்பாடு வேணும். எங்கிட்ட மிச்சம் இருக்கிறது வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.”

பிறகு அந்தச் செல் யாருடையது என்று சொன்னாள். ராணி. பட்டாசுக் கம்பெனியில் வெந்தவள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தாள். வெந்த இடத்தில் ஒட்டுவதற்காக அவள் தொடையிலிருந்தே நல்ல தோலை எடுத்தார்கள். கத்தரித்தது போக மிஞ்சிய ஓரத்தை, ராணியிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு, பானுவிடம் கொடுத்தார்கள். இருபதாம் நாள் விடியும் முன்னே ராணி போய்விட்டாள். தோல் போகவில்லை. பானுவின் கண்ணாடிப் பெட்டிக்குள், உடம்புச் சூட்டில், வளர்ந்துகொண்டிருக்கிறது. ராணி செத்து ஐம்பது நாளாகிறது.

“வளர்ச்சிப் புரதம் வந்தா பிரிச்சுப் பெருக்கி, கொஞ்சத்தை மதுரையில உறையவச்சிருவேன் சார். அப்புறம் பயமில்ல. வரலைன்னா அம்புட்டுதான்.”

அதனால்தான் நானே வந்தேன்.

லாட்ஜ் மேலாளர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார்.

“மீனா அண்ணாச்சி?”

“இல்லைங்க. புரதம்.”

“புரோட்டீனா? எம் மச்சினன் ஆறு மாசமா அதைத்தேன் பால்ல கலக்கிக் குடிக்கான். சட்டைய மட்டும் இறுக்கிப் பிடிச்சாப்புல தைக்கான். உடம்பு என்னமோ அதே வெள்ளரிப் பிஞ்சு.”

அறையில் சன்னல் இரண்டையும் திறந்து வைத்தேன். பெட்டிக்குள் இருந்தது உலர்பனி. அது தண்ணீராக உருகாது. நேரே வாயுவாகப் போய்விடும். மூடிய அறையில் அந்த வாயு ஆளையே அமுக்கிவிடும் என்பதால் பெட்டியின் மூடியையும் இறுக்கி ஒட்டக் கூடாது, ஒரு ஓரத்தில் வழி விடவேண்டும். எங்கள் கம்பெனியில் இது கடைநிலை ஊழியருக்கும் மனப்பாடம்.

சாயங்காலம் எண்ணெய்ப் புரோட்டா தின்னப் போனேன். இந்த ஊரில் புரோட்டாவைச் சுடுவதில்லை, எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். அப்பளம்போல் நொறுங்குகிறது. சால்னாவை ஊற்றியதும் நொறுங்கினது அப்படியே அடங்குகிறது. ஹைதராபாத்தில் எனக்குப் பழகிய உணவெல்லாம் மெல்ல வெந்து, மூடிவைத்து, தம் கட்டிப் பரிமாறுவது. இங்கே எல்லாமே கண்ணெதிரே, கொதிக்கிற எண்ணெயில், ஒரே நிமிடத்தில்.

பக்கத்து மேசையில் இரண்டு வடக்கத்தி ஆட்கள். விரலிடுக்கில் வெள்ளி நிறப் பட்டாசுத் தூள் போகாமல் தங்கியிருந்தது. ஒருவன் போனில் பேசி முடித்ததும் மற்றவன் இந்தியில் கேட்டான்.

“அம்மாகிட்ட என்ன வேலைன்னு சொன்னே?”

“காலண்டர் அச்சடிக்கிறேன்னு.”

“நல்லது. நான் டைரி பைண்டிங்னு சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லிடாதே, ரெண்டு அம்மாவும் ஒரே கிணத்துலதான் தண்ணி எடுக்கிறாங்க.”

இருவரும் சிரித்தார்கள். இன்னும் ஒரு புரோட்டா கேட்டார்கள்.

மறுநாள் காலை சாத்தூர். ஆடியின் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க ஊரே கிளம்பியிருந்தது. மஞ்சள் சேலைகள், வேப்பிலை, தீச்சட்டி, முதல் மொட்டைக்குத் தூக்கிப் போகும் குழந்தைகள். பேருந்துகள் எல்லாம் கோயில் பக்கம் திரும்பிவிட்டன. கேட்ட ஆட்டோ எல்லாம், “கோயிலுக்குன்னா ஏறுங்க, இல்லைனா விடுங்க” என்றது. பெட்டியோடு நிழல் தேடி நின்ற நேரத்தில் போன் வந்தது.

“நான் பேச்சியம்மா பேசுதேன் அண்ணாச்சி. ராணி தங்கச்சி. பானு டாக்டரம்மா சொன்னாக. எங்க கம்பெனி வேன் காலேஜ் வழியாத்தேன் போகும். எங்கன நிக்கீக?”

வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கையில் தூக்குச்சட்டி. என்னைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்த்தாள்.

“இதுக்குள்ளயா இருக்கு?”

“ஆமா.”

“கனமா இருக்குமோ?”

“எல்லாம் ஐஸ்தான். உள்ளே இருக்கிறது பத்துப் பன்னிரண்டு சின்னச் சீசா.”

அந்த வாக்கியத்தை இப்போது எத்தனையோ விதமாகத் திருத்திப் பார்க்கிறேன். அன்றைக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

வேனில் பதினெட்டுப் பெண்கள். என்னை டிரைவர் கருப்பசாமிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெட்டி அங்கே கொள்ளவில்லை. பின்னால் கதவோரம், பேச்சியம்மாளின் காலடியில் வைத்தார்கள். வேன் கிளம்பியதும் பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

“அண்ணாச்சி என்ன, பொண்ணு பாக்க வந்தீகளா? சீர்ப்பெட்டியோட வந்திருக்கீக!”

“ஏட்டி, அவுக தலையப் பாரு. அவுக மகளுக்குப் பாக்க வந்திருப்பாக.”

“பேச்சி, பெட்டியில என்னடி?”

“எங்க அக்காவுக்குச் சாப்பாடு” என்றாள் பேச்சியம்மாள்.

சிரிப்பு நின்றது. சன்னல் வழியே கருவேலங்காடு ஓடியது. ஒரு மூத்த பெண் பேசினாள். சுப்புத்தாய் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

“செத்தவளுக்கு எலையில படைப்பாக. நீ என்ன ஐஸ் பெட்டியில படைக்க?”

“பூராவும் சாகல மதினி.”

“நீயே சொல்லிக்க. அவ மகளுக்கு ஆவணியில நிச்சயம் வைக்கணும்னு மாப்ள வீட்டுல வந்து உக்காந்திருக்காக. கருமாதி முடியாத வீட்டுல என்னத்த நிச்சயம் வைக்க? அவ புருசன், உங்க மச்சான், பதினாறாம் நாள் செய்யுதேன்னாரு. நீதேன் வாசல்ல விளுந்து மறிச்ச.”

“ஆமா, மறிச்சேன். அவ தோலு அங்கன மூச்சு விடுது. நான் வாரா வாரம் ஞாயித்துக்கிளமை கண்ணால பாக்கேன். உசிரோட ஒரு துண்டு கெடக்கையில எப்பிடி எள்ளும் தண்ணியும் எறைக்க?”

“அப்ப எப்பத்தேன் முடியும்?”

“இந்தச் சாப்பாடு போய்ச் சேந்துட்டா, மதுரையில ஐஸ்ல வச்சு எம்புட்டு நாளானாலும் காப்பாத்தலாமாம். டாக்டரம்மா சொன்னாக.”

“எம்புட்டு நாளானாலுமா!” சுப்புத்தாய் பெருமூச்சு விட்டாள். “அப்ப அந்தப் பிள்ளை கெளவியாகித்தேன் கல்யாணம் முடிக்கும்.”

கருப்பசாமி என்னிடம் தாழ்ந்த குரலில், “ராணிய பூமியில பொதைச்சாக அண்ணாச்சி” என்றார். “எங்க பக்கம் எரிக்கிறதுதேன். எரிஞ்சு வந்தவள எதுக்கு இன்னொருக்க எரிக்கன்னு பேச்சிதேன் சண்டை போட்டா.”

அப்போது வேகத்தடை வந்தது. கருப்பசாமி என்னைப் பார்த்துப் பேசியதில் கவனிக்கவில்லை. வேன் ஒரு துள்ளுத் துள்ளி இறங்கியது. பின்னால் தூக்குச்சட்டிகள் உருண்டன. ஒரு நொடி கழித்து யாரோ கத்தினார்கள்.

“பொகை!”

திரும்பினேன். பெட்டியின் மூடி நகர்ந்திருந்தது. உலர்பனியின் வெண்ணிற ஆவி கனமாக வழிந்து, வேனின் தரையெங்கும் பரவி, பதினெட்டுப் பெண்களின் கால்களையும் கணுக்கால்வரை மூடியிருந்தது. எனக்கு அது இருபத்திரண்டு வருடமாகப் பழகின காட்சி. காலைக் காப்பியின் ஆவிக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் கிடையாது.

“ஒண்ணுமில்லை, அது ஐஸ்—” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேன் நிற்பதற்குள் கதவு திறந்துவிட்டது. பேச்சியம்மாள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கியதைப் பார்த்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே தூக்கினாள். தூக்கி, தன் உடம்பின் மொத்த பலத்தோடு, வெளியே எறிந்தாள்.

பின்னால் வந்தது சிவகாசி அச்சகத்துக்குக் காகிதம் ஏற்றிய லாரி. முழு லோடு. அதனால் நிற்க முடியவில்லை.

பெண்கள் அதற்குள் கருவேலங்காட்டுக்குள் வெகுதூரம் ஓடியிருந்தார்கள். செருப்புகள் வழியெல்லாம் கிடந்தன. ஓடி முடித்ததும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, அழவில்லை. முதலில் தலைகளை எண்ணினார்கள். சுப்புத்தாய் எண்ணினாள். ஒருதரம் பதினேழு வந்தது. யாரோ ஒருத்தி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி எண்ணினாள். தன்னைச் சேர்க்க மறந்திருந்தாள். பதினெட்டு.

தார்ச்சாலையில் தெர்மாகோல் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. உலர்பனித் துண்டுகள் சூடான தார்மேல் சீறிக்கொண்டே சிறுத்து, இடம் தெரியாமல் போயின. ஈரம்கூட மிச்சம் வைக்காமல் போகிற பனி அது. கண்ணாடித் தூள். முட்டி போட்டுத் தேடினேன். வளர்ச்சிப் புரதம் இருந்த சீசாக்கள் ஒன்றுகூட முழுசாக இல்லை. பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மட்டும் உருண்டு கிடந்தது. அதற்குள் ஒரே ஒரு சீசா, அடியில் உப்புக்கல் அளவு வெள்ளை. பெப்டைடு. பானு பரிசோதித்துப் பார்க்கக் கேட்டிருந்தது. செல்லை வளர்க்க அது உதவாது.

பேச்சியம்மாள் வந்து நின்றாள். கால் இரண்டிலும் முள்.

“ஐஸுன்னுதான சொன்னீக?”

“ஐஸ்தான். இந்த ஐஸ் இப்படித்தான் ஆவியாகும்.”

“சொல்லலையே அண்ணாச்சி.”

சொல்லவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் நடுவே புகைகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவன் நான்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அன்னைக்கும் இப்பிடித்தேன். தட்டுல லேசாப் பொகைஞ்சிருக்கு. மத்த மூணு பேரும் ஓடிட்டாக. எங்க அக்கா என்னான்னு நின்னு பாத்துருக்கா. ஒரு நிமிசங்கூட இல்ல. நான் அடுத்த ரூமு. அப்ப எடுத்த முடிவு அண்ணாச்சி, பொகையக் கண்டா இனி பாக்கக் கூடாதுன்னு.” குனிந்து காலிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். “இன்னைக்கு நான் பாக்கல.”

கருப்பசாமி ஹார்ன் அடித்தார். மெதுவாக, இரண்டே முறை. கம்பெனியில் ஆர்டர் நிற்கிறது, நேரமாகிறது. பெண்கள் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். வேனில் ஏறினார்கள். கல்லூரி வாசலில் என்னோடு பேச்சியம்மாளும் இறங்கிக்கொண்டாள்.

பானுவின் ஆராய்ச்சிக்கூடம் ஒரு காலத்தில் கல்லூரியின் பொருள் அறை. ஒற்றைச் சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாள். மின்சாரம் போனால் கைகொடுக்க இன்வெர்ட்டர் பேட்டரிகள் வரிசையாக நின்றன. விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். முப்பத்துநாலு வயது. தலையில் முக்காடு, கையில் நீலக் கையுறை. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

ஹைதராபாத்துக்குப் பேசினேன். அடுத்த சரக்கு கடல் கடந்து வர இரண்டு வாரம் என்றார்கள். பானு மதுரைக்குப் பேசினாள். ஒருவரிடம் இல்லை, இன்னொருவர் எடுக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். பேச்சியம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள், குற்றம் செய்த பள்ளிப் பிள்ளைபோல.

“உக்காருங்க அக்கா. உங்க மேல தப்பில்ல.”

“தப்பு யாரு மேலன்னு நான் கேக்கல டாக்டரம்மா. அவ எம்புட்டு நாளு இருப்பா?”

பானு அவளிடம் பொய் சொல்லவில்லை. “மிச்சம் இருக்கிற சாப்பாட்டுல நாளைக்கு வரைக்கும் நல்லா இருக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு செல்லாச் சுருங்கும். பிடிமானத்த விட்டுட்டு மெதக்கும். நாலு நாளு, அஞ்சு நாளு. நான் எதுவும் செய்யாம உள்ள வச்சிருக்கலாம்.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா, இன்னைக்கே இந்தப் பெப்டைடைப் போட்டுப் பாக்கலாம். இது நம்ம தோலு தானாச் சுரக்கிறதுதான், காயம் பட்டா. முப்பத்தேழு மணி கோத்த மாலை மாதிரி, ரொம்பச் சின்னது. இதைச் செயற்கையாச் செஞ்சு, தீக்காயத்துக்குப் பயன்படுமான்னு பாக்குறோம். செல்லு பரப்புல ஒரு கீறல் போடுவேன். பாதிக்கு இதை ஊத்துவேன், பாதிக்கு வெறும் கரைசல். எது சீக்கிரம் மூடுதுன்னு நாளைக்குக் காலையில தெரியும்.” நிறுத்தினாள். “முடிஞ்சதும் சாயம் போடணும். சாயம் போட்டா செத்துரும் அக்கா. அன்னைக்கே.”

பேச்சியம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“ராணி கையெழுத்துப் போட்டிருக்காங்களே. இவங்களைக் கேட்கணுமா?” என்று பானுவிடம் கேட்டேன்.

“வேண்டாம்தான் சார். ஆனா வாராவாரம் வந்து பாக்கிறது காகிதம் இல்லையே.”

கல்லூரிக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. தேநீரும் சாத்தூர்ச் சேவும் வாங்கினேன். கடைக்காரர் தாளில் மடித்த சேவை நீட்டியபடி எட்டத்துப் பொட்டலைக் காட்டினார். பட்டாசுக் கம்பெனியின் சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட, நடுவே வேப்பமரங்கள். கோழிக்கூடுகளைச் சிதறிப் போட்டதுபோல் இருந்தது. “ஒண்ணு போனா அடுத்தது தப்பணும்ல, அதுக்குத்தேன் தூரம்” என்றார், மழை வந்தால் ஒதுங்கத்தான் கூரை என்பதுபோல. சேவு காரமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்தேன்.

பேச்சியம்மாள் கல்லூரி மதிலோரம் குந்தியிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை எடுத்து, “வரல போர்மேன், இன்னைக்கு வரல. சீசன்னா எனக்கென்ன, லோடு நிக்குதுன்னா நீங்க ஏறி உக்காந்து கட்டுங்க” என்று வைத்தாள். தூக்குச்சட்டியைத் திறக்கவேயில்லை. நண்பகல் தாண்டி எழுந்தாள். சேலையில் மண்ணைத் தட்டிவிட்டு நேராக உள்ளே வந்தாள்.

“கீறுங்க டாக்டரம்மா.”

“யோசிச்சுத்தானே சொல்றீங்க?”

“ஆசுபத்திரியில பத்தொம்பது நாளு சுருங்கிச் சுருங்கித்தேன் செத்தா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். இன்னொருக்க அப்பிடி வேண்டாம். போறதுன்னா ஒரு வேலைய முடிச்சுட்டுப் போகட்டும். அவ கம்பெனியிலயும் அப்பிடித்தேன், கையில எடுத்த கட்ட முடிக்காம எந்திரிக்க மாட்டா.”

பானு தட்டை வெளியே எடுத்தாள். ஆறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, குழிகளில் வெளிறிய சிவப்புத் திரவம்.

“பணியாரச் சட்டி மாதிரில்ல இருக்கு” என்றாள் பேச்சியம்மாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் இதையேதான் சொல்வாளாம்.

“வலிக்குமா?”

“வலிக்க நரம்பு வேணும் அக்கா. இதுல தோலு மட்டும்தான்.”

கூரான பிளாஸ்டிக் முனையால் பானு ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு கோடு இழுத்தாள். ஆறு கோடுகள். நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். பாவு கல் பதித்த தரைபோலச் செல்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. நடுவே வெறுமையாக ஒரு பாதை. இருபுறமும் கிழிந்த ஓரம். விற்ற புரதத்தை இத்தனை வருடமும் சீசாவில் பார்த்திருக்கிறேன், அது போய்ச் சேர்கிற இடத்தைப் பார்த்ததில்லை. பெப்டைடு மூன்று குழிக்கு, வெறும் கரைசல் மூன்று குழிக்கு. தட்டு உள்ளே போயிற்று.

அன்று மாலை பானுவின் வீட்டில் இடியாப்பமும் கறிச்சால்னாவும் போட்டார்கள். அத்தா என்று அவள் கூப்பிடும் தகப்பனார், “ஹைதராபாத்துல இருந்து வந்துட்டு எங்க சாப்பாட்டைக் குறை சொல்லிறாதீக” என்று சிரித்தபடியே இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர். கைவிரல்கள் பருப்புத் தூசில் மஞ்சளித்திருந்தன. பேச்சியம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வரவில்லை. கல்லூரி விடுதியில் சமையல் செய்கிற பெண்ணோடு தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது அவள் ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்றிருந்தாள். குளித்து, தலை காயாமல், நேற்றைய சேலையையே உடுத்தி.

பானு தட்டை எடுத்து, முதல் குழியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நான்காவதை. மறுபடி முதல் குழி. எழுந்து இடம் விட்டாள். “நீங்க பாருங்க அக்கா.”

பேச்சியம்மாள் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள்.

“கோட்டைக் காணோமே.”

“அதுல பெப்டைடு ஊத்துனது. இப்ப இதைப் பாருங்க.”

“இதுல பாதிதேன் மூடியிருக்கு.” நிமிர்ந்தாள். “அப்ப அது வேலை செய்யுதா?”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, பானு சொல்லத் தயங்கினாள். ஆனாலும் சொன்னாள்.

“இருக்கலாம். ஒருதடவை பாத்தது கணக்குல சேராது அக்கா. வேற வேற ஆளோட தோலுல, மூணு நாலு தடவையாவது இதே மாதிரி வரணும். அப்பத்தான் சொல்ல முடியும்.”

“வேற ஆளுன்னா?”

“ராணி அக்கா மாதிரி. தோல் ஒட்டுற ஆபரேசன்ல மிஞ்சுனது.”

பேச்சியம்மாள் சன்னலைப் பார்த்தாள். கறுப்புத் தாள்தான் இருந்தது. “அப்ப இன்னும் மூணு பேரு வெந்து வரணும்” என்றாள்.

பானு தட்டின் மூடியைச் சரிசெய்தாள்.

“வருவாக டாக்டரம்மா. சீசன் இப்பத்தேன் ஏறுது.” குரலில் கோபம் இல்லை. அந்த ஊரில் பருவமழை எப்போது வரும் என்று சொல்கிற குரல். “மருந்து ஐஸ அப்ப வேற வண்டியில கொண்டாரச் சொல்லுங்க. எங்க ஆளுக அதைத் தூக்கித்தேன் எறிவாக. யாரு வந்தாலும் எறிவாக.”

“சரி அக்கா.”

“சாயத்தைப் போடுங்க.”

பானு திரவத்தை உறிஞ்சி எடுத்தாள். வேறொன்றை ஊற்றினாள். மூக்கைக் குத்தும் நெடி எழுந்தது. “கால் மணி நேரம்” என்றாள். மூவரும் நின்றோம். இன்வெர்ட்டரின் முனகல் மட்டும் கேட்டது. எதையும் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. பேச்சியம்மாள் தட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. திரவம் தெளிந்து அசையாமல் இருந்தது. பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. பிறகு சாயம். ஊதா நிறம் குழியின் அடியில் படிந்து, கழுவக் கழுவ, கோடு மூடியிருந்த இடமும் மூடாத இடமும் துலங்கி வந்தன.

“முடிஞ்சதா?”

“சாயத்துக்கு முன்னாலேயே முடிஞ்சுருச்சு அக்கா. அந்தக் கால் மணி நேரத்துல.”

“அப்ப மணி எத்தன?”

பானு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “ஏழு அம்பது இருக்கும்.”

பேச்சியம்மாள் மடியிலிருந்து போனை எடுத்தாள். ஒரு விரலால் தேடி அழுத்தினாள். எதிர்முனையில் ஆண் குரல், தூங்கி எழுந்த கரகரப்போடு, “என்ன தாயி, இந்நேரத்துல?” என்றது எனக்கே கேட்டது.

“மச்சான், நாந்தேன்.” நிறுத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். “அக்கா இன்னைக்குக் காலையில ஏளு அம்பதுக்குத் தவறிட்டா. நான் கூடத்தேன் இருந்தேன்.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நிச்சயத்தை ஆவணிக் கடைசியில வச்சுக்கிடலாம்னு மாப்ள வீட்டுக்குச் சொல்லிருங்க. கருமாதிக்கு ஐயருகிட்ட நாள் கேளுங்க. அவுக பளைய தேதியச் சொல்லுவாக, ஒத்துக்கிடாதீக.” புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னைக்குத்தேன் மச்சான் மொத நாளு.”